பிரிஜிட் திங்கட்கிழமை வருவதில்லை

பிப்ரவரி 1 அயர்லாந்தில் பிரிஜிட்டின் திருநாள். அது நெருங்கினால் போதும், முகநூலில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "பிரிஜிட் என்பது பழைய கெல்டிக் தெய்வம், திருச்சபை திருடிக்கொண்டது" என்று ஒரு கட்சி. "அயர்லாந்தின் கில்டேரில் மடம் நிறுவிய புனிதர், தெய்வக் கதையெல்லாம் பிற்காலக் கற்பனை" என்று இன்னொரு கட்சி. 2023இல் அயர்லாந்து அரசு பிரிஜிட் பெயரில் பொது விடுமுறை அறிவித்ததிலிருந்து சத்தம் இன்னும் கூடியிருக்கிறது. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை அது.

இரண்டு கட்சியும் தவறான இடத்தில் தோண்டுகின்றன என்பது என் கருத்து.

தெய்வத்துக்கான பெரிய சான்று எங்கே இருக்கிறது? கி.பி. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொல்லகராதியில். தக்டா என்ற பழைய ஐரிஷ் தெய்வத்தின் மகள் பிரிஜிட், கவிஞர்கள் வணங்கியவள், அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லு வேலைக்கு என்று அதில் வருகிறது. அதைத் தொகுத்ததாகச் சொல்லப்படும் கோர்மாக் யார்? காஷெலின் ஆயர்! திருச்சபை மறைத்துவிட்டதாகச் சொல்லும் தெய்வத்தைப் பற்றி நமக்குச் சொன்னதே ஓர் ஆயர்தான். மறுபக்கம், புனிதரின் வாழ்க்கையை 7ஆம் நூற்றாண்டில் எழுதிய கோகிடோசுஸ் என்ற துறவியின் நூலில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அற்புதங்கள். பிறப்பு இறப்பு ஆண்டுகளே வழக்காகச் சொல்லப்படுபவை. 524இல் இறந்தார் என்ற கணக்கை வைத்துத்தான் 2024இல் 1500ஆம் ஆண்டு கொண்டாடினார்கள். இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் ஜெயிக்க முடியாது.

புனிதரின் போர்வைக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். லெய்ன்ஸ்டர் அரசனிடம் மடம் கட்ட நிலம் கேட்கிறாள், அவன் மறுக்கிறான், என் போர்வை மூடும் அளவு கொடு என்கிறாள், நான்கு பெண்கள் நான்கு மூலையைப் பிடித்து ஓட, போர்வை விரிந்து கில்டேரை அடுத்த குர்ரா சமவெளி முழுவதையும் மூடிவிடுகிறது. எனக்கு இதைவிடப் பிடித்தது கில்டேர் மடத்தின் அணையா நெருப்பு. 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் எழுதியிருக்கிறார்: 19 கன்னியர் முறைவைத்து இரவுக்கு ஒருவராகக் காவல் இருப்பார்கள். இருபதாவது இரவு விறகை அடுக்கி வைத்துவிட்டு, "பிரிஜிட், இது உன் முறை" என்று விட்டுவிடுவார்கள். காலையில் விறகு எரிந்திருக்கும், நெருப்பு அணைந்திருக்காது. நெருப்பைச் சுற்றிய வேலியைத் தாண்டி ஆண்கள் உள்ளே போகக்கூடாது. நெருப்பை வாயால் ஊதக்கூடாது, துருத்தியாலோ முறத்தாலோதான் விசிற வேண்டும். முறம் வரைக்கும் எழுதிவைத்த அந்த மனிதருக்கு நன்றி. 1993இல் கில்டேரின் சந்தைச் சதுக்கத்தில் பிரிஜிடைன் சகோதரிகள் அந்த நெருப்பை மறுபடி ஏற்றினார்கள்.

தோண்ட வேண்டிய இடம் சமையலறை. 1942இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பிரிஜிட் நாளைப் பற்றி ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பியது. வந்த பதில்களில் தெய்வமா புனிதரா என்ற சண்டை பெரிதாக இல்லை. புல் எப்போது பிடுங்குவது, யார் கதவைத் தட்டுவது, துணியை எங்கே போடுவது என்று காரியமாகப் பேசுகிறார்கள்.

அந்தக் காரியங்கள் பெரும்பாலும் திருநாளுக்கு முந்தைய ஜனவரி 31 இரவில் நடப்பவை. விடுமுறையோ பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை. பிப்ரவரி 1 வெள்ளியாக விழுந்தால் மட்டும் அந்த வெள்ளியே விடுமுறை. அடுத்து அப்படி விழுவது 2030இல். முதல் விடுமுறையே 2023 பிப்ரவரி 6ஆம் தேதி வந்தது. அதற்குள் பிரிஜிட் வந்து போய் ஆறு நாள் ஆகிவிட்டது! நீண்ட வார இறுதி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் திங்கட்கிழமை மதியம் புல்லில் பிரிஜிட் சிலுவை பின்னி "மரபைக் காப்பாற்றுகிறோம்" என்று படம் போடுவது சரியில்லை.

31 இரவு நடப்பது இது. பகலில் ஈரநிலத்திலிருந்து ரஷ் புல்லைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்திருப்பார்கள். நம் கோரைக்கு ஒன்றுவிட்ட உறவு அந்தப் புல். கத்தியால் அறுக்கக்கூடாது, கையால் பிடுங்க வேண்டும். இருட்டியதும் வீட்டில் ஒருவர் வெளியே போய், புல்லைக் கையில் ஏந்திக் கதவைத் தட்டுவார். "முழங்காலில் நில்லுங்கள், கண்ணைத் திறவுங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்" என்பார். உள்ளே இருப்பவர்கள் "வரட்டும், வரட்டும், அந்தச் சீமாட்டி வரட்டும்" என்று அழைப்பார்கள். புல் உள்ளே வரும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பின்ன உட்கார்வார்கள்.

பின்னும் விதம். வழவழவென்று உருண்டையாக இருக்கும் தண்டாகப் பாருங்கள். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு விடாமல் ஓட வேண்டும். அதுதான் நன்றாக மடங்கும். சுமார் 25 செ.மீ. நீளத்தில் 16 தண்டு இருந்தால் சிறிய சிலுவை, மையம் திண்ணென்று நிறைய வேண்டுமானால் 28. முதல் தண்டை மடிக்காமல் நெட்டாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் தண்டின் நடுவை இடப்பக்கத்திலிருந்து கவ்வும்படி மாட்டுங்கள். இரண்டு நுனியும் வலப்பக்கம் நீள வேண்டும். மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் நீண்டிருந்த நுனிகள் இப்போது மேலே பார்க்கும். அடுத்த தண்டை மடித்து, மேலே பார்க்கும் அத்தனையையும் சேர்த்துக் கவ்வ விடுங்கள். நுனி மறுபடி வலப்பக்கம். இழுத்து இறுக்குங்கள், திருப்புங்கள். புல் தீரும் வரை இவ்வளவுதான். கடைசித் தண்டு மாட்டியதும் மையத்தை விடாமல், சிலுவையின் நான்கு கையையும் நூலால் கட்டி நுனிகளைச் சமமாக வெட்டுங்கள்.

கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, காய்ந்த புல். மடிக்கும்போதே பட்டென்று முறியும். பிடுங்கிய அன்றே பின்ன முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு, யாராவது கூப்பிட்டு நடுவில் கீழே வைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது எதிர்த்திசையில் திருப்புவது. ஒரு கை பருத்து எதிர்க்கை மெலிந்து நிற்கும். அவிழ்த்துவிட்டுச் செய்வதைத் தவிர வழியில்லை. மூன்று, மையத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் தளர்வது. பச்சையாக இருக்கும்போது இறுக்கமாகத் தெரிவது காய்ந்ததும் சுருங்கித் தொளதொளக்கும். அதனால் ஒரு வாரம் கழித்து நூல்கட்டை மறுபடி இறுக்குங்கள். ஹீட்டருக்கு மேலே மாட்டவே மாட்டாதீர்கள்.

இந்த நான்கு கை வடிவம்தான் 1961இல் தொடங்கிய அயர்லாந்துத் தொலைக்காட்சியின் சின்னமாக இருந்தது. அதனால் இதுவே ஒரே வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். வைர வடிவம் உண்டு, மாட்டுத் தொழுவத்தில் மாட்டும் மூன்று கை வடிவமும் உண்டு. "5000 ஆண்டுப் பழைய சூரியச் சக்கரம்" என்று பகிர்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்: இந்தச் சிலுவைக்கு எழுத்துச் சான்று 17ஆம் நூற்றாண்டுக்கு முன் இல்லை. சாகக் கிடந்த ஒரு தலைவனுக்குப் பிரிஜிட், தரையில் பரப்பிய புல்லை எடுத்துப் பின்னிக் காட்டினாள் என்ற கதையும் புனிதரின் பழைய வாழ்க்கை வரலாறுகளில் இல்லை.

துணி மறந்துவிட்டது. 31 இரவு ஒரு கைக்குட்டையோ நாடாவோ வெளியே புதர்மேல் போடுங்கள். பிரிஜிட் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போவாள். விடிவதற்குள் எடுத்து மடித்து வைத்து, தலைவலி வந்தால் தலையில் கட்டுவார்கள். கன்று ஈனச் சிரமப்படும் பசுவின்மேலும் போடுவார்கள். காற்றுக்குப் பறந்துவிடாமல் ஒரு முடிச்சுப் போடுவது நல்லது, ஜனவரிக் காற்று பிரிஜிட்டுக்காகக் காத்திருக்காது. மறுநாள் சக்கரம் சுழலக்கூடாது என்று பல ஊர்களில் விதி. ராட்டை ஓய்ந்திருக்கும்.

புதுச் சிலுவை வாசலுக்கு மேலே ஏறியதும் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். எரிக்கலாம், மண்ணில் புதைக்கலாம். புல்வேய்ந்த பழைய வீடுகளில் அதைக் கூரையின் உட்புறத்தில் செருகிவிடுவார்கள், அடுத்த ஆண்டு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுப்புப் புகையில் கறுத்துப்போன அந்த வரிசையை எண்ணினால், அந்த வீட்டில் எத்தனை 31 இரவு கதவு தட்டப்பட்டது என்று தெரிந்துவிடும்.