வெண்டிலேட்டரைக் கார் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை

நேற்றிலிருந்து அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் குறைவு. கோவிட் காலத்தைப் பற்றி ஒருவர் மேடையில் பேசியது. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், நான் பெயர் சொல்லப் போவதில்லை. "கார் செய்கிறவன் பத்தே நாளில் வெண்டிலேட்டர் செய்து காட்டினான். அப்படியானால் மருத்துவக் கருவிக் கம்பெனிகள் இத்தனை காலம் நம்மை ஏமாற்றியிருக்கின்றன" என்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. பகிர்ந்தவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் இருக்கிறார்கள். கீழே இரண்டு வரி மறுப்பு எழுதினேன். "வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் பதில் போட்டார். அந்த ஒரு சொல்லுக்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. வெண்டிலேட்டரைத் திறந்து, கழுவி, அளந்து, மறுபடி பூட்டி நோயாளியிடம் அனுப்புகிறவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: காற்றைத் தள்ளுவது பெரிய காரியமே இல்லை. மூச்சுக்கொடுக்கும் ரப்பர் பையான ஆம்பு பையைக் கையால் அமுக்கினாலும் காற்று போகும். கோவிட்டில் விறைத்துப்போன நுரையீரலுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்ற அளவில்தான் காற்று கொடுக்கிறோம். கூடினால் நுரையீரலைக் கருவியே கிழித்துவிடும். மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டும், அதுதான் பீப். நோயாளி தானாக மூச்சிழுக்க முயன்றால் அந்த நொடியே உணர்ந்து இடம்கொடுக்க வேண்டும். குழாய் கழன்றால் அலற வேண்டும், மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாற வேண்டும். இத்தனையையும் வாரக்கணக்கில் நிற்காமல் செய்ய வேண்டும். இதற்குத்தான் விலை.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம், அவரும் அதைத்தான் உதாரணம் காட்டினார். 2020 மார்ச்சில் அந்த அரசு தொழிற்சாலைகளிடம் உதவி கேட்டது. மெக்லாரன், ஏர்பஸ், ஃபோர்டு, ரோல்ஸ் ராய்ஸ் எல்லாம் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. ஜூலைக்குள் 13,000க்கும் அதிகமான கருவிகள் வந்தன. உண்மை, மிகப் பெரிய சாதனை. ஆனால் அவர்கள் செய்தது யாருடைய கருவி? பென்லான், ஸ்மித்ஸ் என்ற இரண்டு மருத்துவக் கருவி நிறுவனங்களுடையது. இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு ஐம்பது அறுபதுதான் செய்துகொண்டிருந்தன. கார்காரர்களும் விமானக்காரர்களும் அந்த எண்ணிக்கையைப் பெருக்கிக் கொடுத்தார்கள். அடியிலிருந்து புதிதாக வடிவமைக்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது? வேக்குவம் கிளீனர் செய்யும் டைசன் நிறுவனத்துக்கு 10,000 கருவிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. ஏப்ரலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபார்முலா 1 கார் பந்தய அணியினர் உருவாக்கிய புளூஸ்கை என்ற கருவியும் கைவிடப்பட்டது. நோயின் போக்கு தெரியத் தெரிய, மருத்துவர்கள் கேட்ட கருவி வேறாகிவிட்டது. அந்தப் பொறியாளர்களின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தன் பணம் இரண்டு கோடி பவுண்டு செலவழித்ததாக அந்த நிறுவனத்தை நிறுவிய ஜேம்ஸ் டைசன் சொன்னார், பெரிய மனசுதான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கண்டுபிடிக்கவில்லை, பெருக்கிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை. இந்தியானா மாநிலம் கொக்கோமோவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்ட் முடிவதற்குள் 30,000 வெண்டிலேட்டர்களைச் செய்து முடித்தது. கருவி வென்டெக் நிறுவனத்துடையது. நம் நாட்டில் பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 30,000 வெண்டிலேட்டர்களுக்கான ஆர்டர் ராணுவத் தளவாடம் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனது. வடிவமைப்பு மைசூரு ஸ்கான்ரேயுடையது. எங்கே பார்த்தாலும் பின்னால் ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

"மெர்சிடிஸ் நூறு மணி நேரத்தில் செய்ததே?" என்று கேட்பீர்கள். அது சிபாப் கருவி. தானாக மூச்சுவிடுகிற நோயாளிக்கு முகமூடி வழியாக அழுத்தம் கொடுப்பது. லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகப் பொறியாளர்களும் மருத்துவர்களும், காப்புரிமை காலாவதியான ஒரு பழைய கருவியைப் பிரித்துப் பார்த்து, மெர்சிடிஸ் பந்தய அணியுடன் சேர்ந்து செய்தார்கள். 10,000 கருவிகள் கொடுத்தார்கள், வரைபடத்தை உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டார்கள். நான் அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அது வெண்டிலேட்டர் இல்லை.

"மருத்துவக் கருவிகளின் விலை நியாயமா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை, பல இடங்களில் நியாயமில்லைதான். அதைத் தனியாகப் பேசலாம். அதற்காகப் பொய்யைக் கைதட்டி வரவேற்க வேண்டியதில்லை.

இரண்டாம் அலையில் எங்களுக்கும் புதுக் கருவிகள் வந்தன. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் கண்கலங்கிக் கும்பிட்டார். வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நான் ஒரு கருவியை எடுத்து, நுரையீரலுக்குப் பதிலாக நாங்கள் மாட்டும் ரப்பர் பையில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிஜனை 100 சதவீதத்தில் வைத்தேன். திரையில் 100 என்றே வந்தது. ஆக்சிஜனை அளக்கும் அனலைசர் என் கையில் இருந்தது, அதைக் குழாயில் செருகினேன், 60ஐத் தாண்டவில்லை. வேறு அனலைசர் கொண்டுவந்தேன், அதிலும் அப்படியே. "ஏன் சார் இன்னும் மாட்டவில்லை?" என்று அந்தச் செவிலியர் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். சர்வீஸ் எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் பீப் என்றால் என்னவென்று என்னிடமே கேட்டான்.

அந்தக் கருவியை நான் மாட்டவில்லை. அன்றைக்கு "வேலை செய்ய மனமில்லாமல் சாக்குச் சொல்கிறான்" என்று என் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சும் நேற்றைய "வயிற்றெரிச்சலும்" எனக்கு ஒன்றுதான்.

எல்லாப் பழியும் கருவி மேல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 2021 மே மாதம் பஞ்சாபின் ஃபரீத்கோட் அரசு மருத்துவமனையில் பிஎம் கேர்ஸ் வெண்டிலேட்டர்கள் பழுது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மருத்துவமனை கருவியைக் குறை சொன்னது, தயாரித்தவர்களும் மத்திய அரசும் மருத்துவமனையைக் குறை சொன்னார்கள். வார்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஆக்சிஜனை உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் விழும், நல்ல கருவியும் திணறும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கவும், சென்சரை மாற்றவும், வார்டில் உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டாமா? கருவியை எண்ணி எண்ணி அறிவித்தீர்களே, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை எண்ணினீர்களா?

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தட்டு தட்டிய நாட்டில் எங்களைப் போன்றவர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. நான் தட்டுக்காக ஏங்கவில்லை. அலை உச்சத்தில் தற்காலிகமாக எடுத்த பையன்களை அலை ஓய்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். என்னோடு இரவெல்லாம் சென்சர் மாற்றிய ஒருவன் இப்போது ஏசி சர்வீஸ் செய்கிறான். கருவியைத் தொட்டாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அவனைத் திரும்ப எடுக்கச் சொல்லி நானே கேட்டுப் பார்த்தேன். பணியிடம் இல்லை என்றார்கள்.

அன்று வந்த கருவிகளில் பாதி இப்போது எங்கள் ஸ்டோர் அறையில் கிடக்கின்றன. ஆக்சிஜன் சென்சர் பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகும், பேட்டரி சார்ஜ் ஏற்றாவிட்டால் செத்துப்போகும். இரண்டையும் வாங்கக் கோப்பு அனுப்பி மாதங்கள் ஆகின்றன. போன வாரம் திரும்பி வந்தது, "தற்போது அவசரத் தேவை இல்லை" என்ற குறிப்போடு. நாளை மறுபடி அனுப்புகிறேன்.