பாக்கெட்டைப் பொறுக்கினார், நுரை போய்விட்டது

போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைப் பக்கம் ஓர் ஓடைக்குக் குளிக்கப் போனோம். பக்கத்தில் ஒரு குடும்பம். தலைக்குத் தேய்த்து முடித்ததும் அந்த அண்ணன் காலி ஷாம்பு பாக்கெட்டுகளைப் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டார். "ஓடையில குப்ப போடக் கூடாதுல்லா தம்பி" என்றார். நல்ல மனுஷன். நுரை மட்டும் வெள்ளையாக கீழே போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் பாக்கெட்டைவிட நுரைதான் பயம். காரணம் ஒரு வண்டு.

ஓடை வண்டு என்றால் கசத்து மேலே வட்டமடிக்கிற கறுப்பு வண்டுகள்தான் ஞாபகம் வரும். அதுகளும் லேசுப்பட்டதில்லை, கண் இரண்டாகப் பிரிந்து ஒரு ஜோடி மேலேயும் ஒரு ஜோடி தண்ணீருக்கடியிலும் பார்க்கும். நான் சொல்வது வேறு ஆள், எல்மிடே குடும்பம். பெரும்பாலும் 2, 3 மி.மீ.தான். பேர்தான் நீர்வண்டு, நீச்சல் தெரியாது! தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் கல்லைப் புரட்டினால் (பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்துவிடுங்கள்) கொக்கி நகத்தால் கல்லைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

வளர்ந்த வண்டுக்குச் செவுள் கிடையாது. குளத்து வண்டுகள் மாதிரி மேலே வந்து காற்றை நிரப்பிக்கொண்டு போவதும் இல்லை. உடம்பில் தண்ணீர் ஒட்டாத நுண்மயிர்கள் நெருக்கமாக இருக்கும். அதற்குள் மெல்லிய காற்றுப் படலம். வண்டு உள்ளிருக்கும் பிராணவாயுவை எடுக்க எடுக்க, தண்ணீரில் கரைந்திருப்பது படலத்துக்குள் வந்து சேரும். மயிர்கள் தாங்கிப் பிடிப்பதால் படலம் சுருங்குவதில்லை. அதுக்குத் தண்ணீரிலும் பிராணவாயு நிறைய வேண்டும். கல்லில் மோதி உடைகிற ஓட்டத்தைத் தேடிப் போவது அதனால்தான்.

சோப்பின் வேலை என்ன? தண்ணீர் ஒட்டாததில் ஒட்ட வைப்பது. நம் எண்ணெய்த் தலைக்குச் செய்வதைத்தான் அந்த மயிருக்கும் செய்யும். படலம் நனைந்தால் மூச்சு முட்டிவிடும். பறந்து தப்பிக்கலாமே என்றால், பல இனங்கள் கூட்டுப்புழுப் பருவம் முடிந்து ஒருமுறை பறந்து ஓடையில் இறங்குவதோடு சரி. அப்புறம் பறக்கும் தசையே மெலிந்துவிடும்.

குற்றாலத்தில் சோப்பு, ஷாம்புக்குத் தடை உண்டு. பேரில்லாத ஓடைகளுக்கு போர்டும் இல்லை, போலீஸும் இல்லை. "சீயக்காய்னா பரவாயில்லையா?" என்று கமென்ட்டில் யாராவது வருவீர்கள். அதுவும் நுரைக்கிற சரக்குதான், வீட்டிலேயே தேய்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? பழக்கதோஷத்தில் என் பையிலும் ஒரு சோப்பு டப்பா இருந்தது. அதைத் திறக்காமலே முங்கி எழுந்து வந்துவிட்டேன்.