255 என்பது குப்பை மதிப்பு அல்ல

நம் ராக்னராக் ஆன்லைன் சர்வரில் முந்தாநாள் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், மறுபடி விவரிக்கப் போவதில்லை. "இன்வென்டரி லோட் ஆகும் பகுதியைச் சுத்தம் செய்தேன்" என்று ஒற்றை வரிக் குறிப்போடு ஒரு கமிட், அதாவது ஒரு நிரல் மாற்றம், பொது நிரலில் மெர்ஜ் ஆனது. சர்வர் ஏறிய சில நிமிடங்களில் பிளாக்ஸ்மித் (கொல்லர்) வகைப் பிளேயர்கள் அடித்த ஆயுதங்களில் அடித்தவர் பெயர் இல்லை, முட்டைகளுக்குள் பெட் (வளர்ப்புப் பிராணி) இல்லை. என்னை எழுத வைப்பது அந்தத் தவறு அல்ல. கேட்டவர்களுக்கு வந்த பதில்: "பழைய நிரலில் குப்பை மதிப்புகள் கிடந்தன, நீக்கினேன்."

குப்பை இல்லை. அது ஒருவருடைய பெயர்.

ராக்னராக் ஆன்லைன் 2002இல் கொரியாவின் கிராவிட்டி வெளியிட்ட விளையாட்டு. நாம் ஓட்டுகிற ஆர்அத்தீனா, அத்தீனா, ஈஅத்தீனா என்று கைமாறி வந்த திறமூல சர்வர். ஒவ்வொரு பொருளுக்கும் டேட்டாபேஸில் கார்டு0 முதல் கார்டு3 வரை நான்கு இடங்கள் உண்டு. சாதாரண ஆயுதத்தில் அங்கே, அதற்குச் சக்தி கூட்டச் செருகும் கார்டுகளின் எண் உட்காரும். பிளாக்ஸ்மித் அடித்த ஆயுதத்தில் கார்டு போட முடியாது. அதனால் அந்த நான்கு இடமும் வேறு வேலைக்குப் போகிறது. கார்டு0இல் 255 என்றால் "இது கையால் அடித்தது" என்று பொருள். கார்டு1இல், அடிக்கும்போது சேர்த்த ஸ்டார் கிரம்ப் என்ற பொருளின் எண்ணிக்கையை 5ஆல் பெருக்கி, 8 பிட் இடப்பக்கம் தள்ளி (அதாவது 256ஆல் பெருக்கி), நெருப்பு போன்ற தனிமத்தின் எண்ணைக் கூட்டுகிறார்கள். இரண்டு கிரம்ப் போட்ட நெருப்பு ஆயுதத்துக்கு அது 2563. கார்டு2, கார்டு3 இரண்டிலும் அடித்தவரின் கேரக்டர் எண், பதினாறு பதினாறு பிட்டாகப் பிரிந்து நிற்கிறது. கேரக்டர் எண் 150000 என்றால் கார்டு2இல் 18928, கார்டு3இல் 2. கார்டு0இல் 254 இருந்தால் ஆல்கெமிஸ்ட் (ரசவாதி) காய்ச்சிய போஷன், அதாவது மருந்து. 256 இருந்தால் பெட் முட்டை, அடுத்த இரண்டு இடங்களில் பெட்டின் எண்.

இப்போது அந்தக் கமிட் செய்ததைப் பாருங்கள். கார்டு எண் ஐட்டம் டேட்டாபேஸில் இல்லையென்றால் பூஜ்யமாக்கு. 255 என்ற எண்ணில் கார்டு கிடையாது, பூஜ்யம். 256 என்ற எண்ணிலும் கிடையாது, பூஜ்யம். லோட் ஆகும்போது மெமரியில் அழிந்தது. ஆட்டோசேவ் இயல்பாகவே 300 நொடிக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றில் டேட்டாபேஸிலும் அழிந்தது. எங்கேயும் எரர் இல்லை, க்ராஷ் இல்லை. தவறான மதிப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.

நிரலை இப்படிச் சுத்தம் செய்வதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். ரீஃபாக்டரிங் என்றால் உள்ளே எதையும் மாற்றலாம், நிரலின் நடத்தை மாறக் கூடாது. நடத்தை மாறினால் அது ரீஃபாக்டரிங் இல்லை, வேறு வேலை. அதற்கு வேறு கமிட், வேறு பரிசோதனை, வேறு அறிவிப்பு வேண்டும். இதைத்தான் எத்தனை தடவை சொல்வது?

"இவ்வளவு அசிங்கமான வடிவத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்" என்பார்கள். அசிங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது சர்வர் எழுதியவர்கள் இல்லை. கார்டு0இல் 255ஐப் பார்த்ததும், பிளேயரின் கணினியில் ஓடும் கிளையன்ட்தான் அந்தக் கேரக்டர் எண்ணுக்குரிய பெயரை சர்வரிடம் கேட்கிறது. கிளையன்ட் நம் கையில் இல்லை. வடிவம் பிடிக்கவில்லையென்றால் அதை ஒரு இடத்தில் மூடி வையுங்கள். "கையால் அடித்ததா", "அடித்தவர் யார்", "பெட் எண் என்ன" என்று மூன்று சிறு ஃபங்ஷன்கள் எழுதுங்கள். உள்ளே அதே கார்டு எண்களையே படிக்கட்டும். பிறகு கார்டு0ஐ நேரடியாக ஒப்பிடுகிற இடங்களை ஒவ்வொன்றாக இவற்றுக்கு மாற்றுங்கள், ஒரு கமிட்டில் ஒரு கோப்பு. எல்லா இடமும் மாறிய பிறகுதான் டேட்டாபேஸ் அமைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அப்போதும் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதி, சில வாரம் ஓடவிட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்தான் பழையதை எடுக்க வேண்டும்.

விசித்திரமான மதிப்பைக் கண்டால் முதலில் லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதுங்கள், அழிக்காதீர்கள். ஒரு வாரம் லாகைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகளில் அதே 255 வந்தால் அது குப்பையா என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து, "டெஸ்ட் எழுதியிருந்தால் போதுமே" என்பவர்கள். பாதி சரி. பழைய நிரலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் எழுதும் டெஸ்ட், அவருடைய தவறான புரிதலைத்தான் சோதிக்கும். 255 பூஜ்யமாகிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதி அது பச்சையும் காட்டியிருக்கும். இங்கே வேண்டியது ஒப்பீடு. லைவ் டேட்டாபேஸின் நகலை எடுங்கள். பழைய பைனரியில் (கம்பைல் செய்த சர்வரில்) எல்லாக் கேரக்டரையும் லோட் செய்து சேவ் செய்யுங்கள். அதே நகலைப் புதிய பைனரியிலும் ஓட்டுங்கள். இரண்டு டேட்டாபேஸையும் டம்ப் எடுத்து, அதாவது கோப்பாக இறக்கி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் மெர்ஜ் கிடையாது. ஒரு மாலை நேர வேலை இது.

"ட்ரான்ஸாக்ஷன் இருந்தால் பின்வாங்கலாமே" என்றும் ஒருவர் கேட்கலாம். இயல்பாக வரும் அட்டவணைகள் மைஐஸாம் என்ற சேமிப்பு வகை. அதில் ட்ரான்ஸாக்ஷனே கிடையாது, ரோல்பேக் (பின்வாங்கும் கட்டளை) எதையும் திருப்பாது. இந்தக் கேள்விக்கு இது போதும்.

கார்டோடு இது நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அதே வரிசையில் அடுத்த கமிட்டாக டைமர் பகுதியும் காத்திருக்கிறது. குறித்த நேரம் கழித்து ஓடும் டைமர் ஃபங்ஷன்களில் பிளேயரின் எண்ணை வாங்கி, அதை வைத்து மறுபடி பிளேயரைத் தேடி, இல்லையென்றால் திரும்பிவிடும் வரிகள் ஏராளம். "தேவையில்லாத தேடல், நேரடியாகப் பாயின்டரையே கொடுத்துவிடலாம்" என்று குறிப்பு. பாயின்டர் என்பது பிளேயரின் தரவு இருக்கும் மெமரி முகவரி. தேவையில்லாதது இல்லை! டைமர் வைத்ததற்கும் அது அடிப்பதற்கும் நடுவே அந்தப் பிளேயர் லாக்அவுட் ஆகியிருக்கலாம். எண்ணை வைத்துத் தேடினால் ஆள் இல்லை என்று தெரியும். பாயின்டரை வைத்திருந்தால், விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொட்டு மேப் சர்வர் மொத்தமும் விழும், அதில் இருக்கும் எல்லோரையும் சேர்த்து.

டேமேஜ் கணக்கும் அப்படித்தான். முழு எண் வகுத்தலில் மீதி ஒவ்வொரு படியிலும் வெட்டுப்படும். 5ஐ 150 சதவீதமாக்கினால் 7, அதை மறுபடி 150 சதவீதமாக்கினால் 10. இரண்டையும் சேர்த்து 225 சதவீதம் என்று "எளிமை" ஆக்கினால் 11. மூன்று ஸ்டார் கிரம்ப் மதிப்பு 15 என்று வந்ததும் அதை 40 ஆக்குகிற வரி ஒன்று இருக்கிறது. பார்த்தால் பிழை போலத் தெரியும். அது விளையாட்டின் விதி. அந்த வரியை வைத்துத்தான் மூன்றாவது கிரம்ப்புக்கு விலையே நிற்கிறது.

"தன்னார்வ வேலை, யாரும் சம்பளம் வாங்கவில்லை, குறை சொல்லாதே" என்கிறவர்களுக்கு: அந்த வரிகளை எழுதியவர்களும் சம்பளம் வாங்கவில்லை. அவர்களில் பலர் இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை. அவர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு விதியும் ஒரு இஃப் வரியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைக் குப்பை என்று சொன்னபோது எனக்கு வலித்தது. "வெறும் கேம்தானே" என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. எம்விபி எனப்படும் பெரிய பாஸ் அசுரனிடமிருந்து கார்டு ஒன்று விழும் வாய்ப்பு 0.01 சதவீதம், பத்தாயிரத்தில் ஒன்று. அப்படிப்பட்ட பொருட்களுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள், விளையாட்டை விட்டுப் போன நண்பர் அடித்துக் கொடுத்த கத்தியை அந்தப் பெயருக்காகவே வைத்திருப்பவர்கள், இவர்களுடைய உழைப்பை நாம் பாதுகாப்பதாக ஒப்புக்கொண்டுதான் சர்வரைத் திறந்தோம்.

முழு ரோல்பேக் வேண்டாம், இரண்டு நாள் விளையாட்டு போய்விடும். பேக்கப்பை வேறு டேட்டாபேஸில் ஏற்றி, கார்டு0இல் 255 அல்லது 256 உள்ள வரிகளை மட்டும் எடுங்கள். கேரக்டர் எண்ணை வைத்துப் பொருத்தாதீர்கள். பொருள் இதற்குள் கைமாறியிருக்கும். பொருளின் தனி அடையாள எண்ணை வைத்து இன்வென்டரி, தள்ளுவண்டி (கார்ட்), ஸ்டோரேஜ், கில்டு ஸ்டோரேஜ், மெயில், ஏலம் என ஆறு அட்டவணையிலும் தேடுங்கள். இப்போது கார்டு0 பூஜ்யமாக இருக்கும் வரியில் மட்டும் நான்கு கார்டு எண்களையும் திருப்பி எழுதுங்கள். சர்வரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போது செய்தால் மேப் சர்வர் தன் மெமரியில் இருப்பதை மேலேயே எழுதிவிடும். 254 போஷன்கள் அடுக்கி வைக்கும் பொருள், அவற்றுக்குத் தனி எண் கிடையாது, சாதாரண போஷனோடு கலந்திருக்கும். அவற்றை இந்த வழியில் மீட்க முடியாது, ஆல்கெமிஸ்ட்களிடம் அதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

பேக்கப் சுழற்சியில் அந்தக் கோப்பு அழிவதற்குள் யாராவது இன்றைக்கே அதைத் தனியாக நகலெடுத்து வையுங்கள்.