லாச்சப்பலைக் குப்பை எண்டு சொல்லாதேங்கோ

நேற்றிலிருந்து ஆளாளுக்கு அந்த வீடியோவைப் பகிர்ந்துகொண்டிருக்கிறியள். பாரிஸில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில, தேர் முடிஞ்ச றோட்டில கிடந்த தேங்காய்ச் சிதறலைக் காட்டி, "லாச்சப்பல் ஒரு குப்பை, எங்கட சனத்தை நினைக்க வெட்கமா இருக்கு" எண்டு ஒரு தம்பி கதைச்சிருக்கிறார். அதுக்குக் கீழ சிரிச்சவையில பாதிப்பேர் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள். அதுதான் நோகுது.

சிதறுதேங்காய் உடைச்சால் சிதறத்தான் செய்யும். வருசத்தில ஒருநாள். இந்தத் தேர் ஓடுற மாணிக்க விநாயகர் கோயில் 1985 இல தொடங்கேக்க, இஞ்ச இருந்த எங்கட சனத்தில கனபேர் இலங்கையில நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு கையில ஒண்டுமில்லாமல் வந்து இறங்கினவை. இண்டைக்குத் தேர் பார்க்க வெள்ளைக்காரரும் பிள்ளையளைத் தோளில வைச்சுக்கொண்டு நிக்கினம். அவைக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு ஏன்?

நான் வந்தது 1991 தை மாசம். இஞ்ச இருக்கிறதுக்கு விசாக் காட் இல்லை, பாசை தெரியாது, சப்பாத்துக்குள்ள ஈரம். மெற்றோவால ஏறி வெளியில வந்தால், ஒரு கடை வாசலில வெங்காயம் தாளிக்கிற மணம். கடைக்காரர் "எந்த ஊர் தம்பி?" எண்டு கேட்டார். ரெண்டு கிழமையா என்னை ஒருத்தரும் எதுவும் கேட்கேல்லை. தேத்தண்ணியும் றோல்ஸும் தந்து, ஆறு பேர் இருந்த ஒரு அறையின்ர விலாசத்தை பிஸ்கற் பெட்டி மட்டையைக் கிழிச்சு எழுதித் தந்தார். அந்த மட்டை இப்பவும் என்னட்ட இருக்கு.

"ஒரு றோட்டுக்குள்ள முடங்கினால் பிரெஞ்சுச் சனத்தோட எப்பிடிச் சேருறது?" எண்டு கேட்பியள். ஆர் முடங்கினது? எங்கட ஆக்களில கனபேர் இருக்கிறது பாரிஸுக்கு வெளியில, லாகூர்நெவ், பொபினி பக்கம். என்ர மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள். சனிக்கிழமையில முருங்கைக்காய் வாங்க லாச்சப்பலுக்குத்தான் வாறாள். பெடியளின்ர வாள்வெட்டைப் பற்றியும் சொல்லுவியள். நடந்ததுதான். அதுக்காக முழுச் சனத்தையும் குப்பை எண்டுறதோ?

1996 இல அப்பா செத்த செய்தி எனக்கு அந்தக் கடைக்குத்தான் வந்தது. அகதிக் கேஸ் முடியேல்லை, ஊருக்குப் போகேலாது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்தமகன் அரிசி மூட்டையில இருந்து அழுதனான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிப்போட்டு, சாம்பிராணி கொளுத்திவைச்சிட்டு, ஒண்டும் கதைக்காமல் பக்கத்தில வந்து இருந்தவர். சாமான் வாங்க வந்த ஆக்களும் பையைக் கீழ வைச்சிட்டு நிண்டவை. ஆரின்ர பேரும் எனக்குத் தெரியாது. என்ர அப்பாவுக்குச் செத்தவீடு நடந்தது அந்த றோட்டிலதான், தம்பி.