பாட்டில்லாத ‘அந்த நாள்’

ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கி, 1954 ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தின் மீது இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. அன்றைய ரசிகர்கள் பாட்டு எங்கே, நடனம் எங்கே, சண்டை எங்கே என்று கேட்டார்கள். இன்று அதைத் தேடிப் பார்க்கும் இளைஞர்களில் சிலர், கொலையாளி யாரென்று பாதியிலேயே ஊகித்துவிட்டதாகவும், அதன் பிறகு படத்தில் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டு தரப்புமே, தாங்கள் எதிர்பார்த்து வந்தது கிடைக்காத ஏமாற்றத்தில், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கத் தவறுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அன்றைய ரசிகரின் ஏமாற்றத்தையாவது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகள்கூட முடியாத காலம் அது. ‘மனோகரா’ அதற்கு முந்தைய மாதம்தான் வெளியாகியிருந்தது. சிவாஜி கணேசன் என்றால் அனல் பறக்கும் வசனம் என்று நம்பித் திரையரங்கிற்குள் நுழைந்தவருக்கு, படம் தொடங்கியவுடனேயே அந்த நாயகன் துப்பாக்கிக் குண்டு பட்டுச் சரிவதைக் காட்டினால் எப்படி இருந்திருக்கும்! வெடிச் சத்தம் கேட்ட அண்டை வீட்டுக்காரர் பதறிக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். அங்கிருந்து கதை முழுவதும் விசாரணைதான். அதிலும் வீணையில் மேதையாக விளங்கிய பாலசந்தரே தம் படத்தில் ஒரு பாட்டுக்கும் இடம் தரவில்லை என்பதை நினைக்கும்போது, அந்தத் துணிவின் அளவு விளங்குகிறது.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளை ஒட்டி. அதற்கு முந்தைய ஆண்டே குண்டுவீச்சுப் பயத்தில் ஏராளமானோர் நகரத்தைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் போயிருந்தார்கள். வானத்திலிருந்து எப்போது என்ன விழுமோ என்ற அந்த அச்சம் படத்தில் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறிவிடுகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவைக் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள். முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி இருட்டிலும் இருக்க, பேசுகிறவர் உண்மை சொல்கிறாரா என்ற ஐயம் வசனத்தின் துணையில்லாமலே நமக்குள் ஊறத் தொடங்குகிறது. பாட்டு வந்திருந்தால் இந்த இறுக்கம் அங்கேயே தளர்ந்திருக்கும்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பாணியில் எடுக்கப்பட்ட படம் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆளுக்கொரு வாக்குமூலம் என்ற அளவில் அது சரிதான். ஆனால், அங்கே ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். இங்கே ஒரே மனிதனின் வெவ்வேறு பக்கங்கள் தெரிய வருகின்றன. சிவாஜி நடித்த வானொலிப் பொறியாளரான ராஜன், தம்பியின் பார்வையில் ஒருவன், தம்பி மனைவியின் பார்வையில் இன்னொருவன், அவனுடைய ஆசைநாயகி அம்புஜத்தின் பார்வையில் வேறொருவன். செத்துப்போனவனைப் பற்றி நாம் வைத்திருந்த அனுதாபம் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் சிறிது சிறிதாகக் கரைகிறது. யார் சுட்டது என்பதைவிட, இவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்விதான் என்னைப் படத்தோடு கட்டிப்போட்டது. கொலையாளியை ஊகித்துவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா?

மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ‘பராசக்தி’யிலும் சிவாஜிக்கு இணையாக நடித்தவர். இதில் அழுகையை அடக்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், ஒரு பெரும் பாரத்தைச் சுமந்து செல்கிறார். முடிவு தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால், தொடக்கக் காட்சிகளில் அவர் முகத்தில் காட்டிய ஒவ்வொரு சலனத்துக்கும் புதுப் பொருள் கிடைக்கிறது. படம் இரண்டாம் முறை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்கிறது.

முதல் வெளியீட்டில் எதிர்பார்த்த வசூல் வரவில்லை. பிறகு தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக நடித்ததோடு திரைக்கதையும் அவருடையதே என்பதை இன்று எத்தனை பேர் அறிவார்களோ! கொலையாளி யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. அரைமணி நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டவர்கள், உஷா தன் கதையைச் சொல்லத் தொடங்கும் இடம் வரைக்குமாவது பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு பேசுவோம்.