கோப்பைக்குக் காது கேட்குமா?
கண்காட்சியில் பரிசு வாங்கிய ஆண் நாயோடு இணை சேர்த்தாலே ராஜபாளையம் இனம் தேறிவிடும் என்று நாய் வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அங்கே நடுவர் பார்ப்பது உயரம், தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த இனத்தில் காது கேளாமை அடிக்கடி தலைகாட்டுவதே வெள்ளையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததோடு தொடர்புடையதுதான். எங்கள் தோட்டத்துக்கு வாங்கிய குட்டியின் தகப்பனுக்கு இரண்டு கோப்பைகள். குட்டிக்கோ பக்கத்தில் அண்டா உருண்டாலும் கேட்காது, பின்னாலிருந்து தொட்டால் திரும்பிக் கடிக்கும். இப்படிப்பட்ட நாய்க்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டமாக ஒருவர் எழுதியிருக்கிறார். கேளாத காதுக்கு என்ன பயிற்சி? மிரளும் சுபாவமும் ஓரளவு பெற்றோர் வழி வருவதுதான். முன்பு காட்டுப்பன்றி வேட்டையே சோதனையாக இருந்தது; கோழை நாயிடம் குட்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பின் அதற்கு வழியில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் மாற்றுச் சோதனை எங்கே? ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 1899இல் சங்கம் தொடங்கிய ஸ்டெஃபானிட்ஸ் அழகைவிட உழைப்பையே முன்னால் வைத்தார். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் மூன்றையும் சோதிக்கும் தேர்வு அப்படித்தான் பிறந்தது. குட்டி வாங்கப் போகிறவர்கள் கோப்பை அலமாரியை விட்டுவிட்டு, தாய் நாயின் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை கைதட்டிப் பார்க்கட்டும்.