பெட்டியில் மெக்கானிக்கல், உள்ளே ரப்பர்

‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று கீபோர்டு பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கீயின் மேல்மூடியான கீகேப்பைப் பிடுங்கிப் பார்த்தால் அதே ரப்பர் குமிழ்! அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். விரல் பாடு திண்டாட்டம்.

1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு சுருள்வில். அமுக்கும்போது அது சட்டென்று வளைந்து, சின்னச் சுத்தியலைத் தட்டிவிடும். ‘டக்’ என்று கேட்டால் எழுத்து பதிந்துவிட்டது. மெக்கானிக்கல் கீபோர்டுகளில் வரும் செர்ரி எம்எக்ஸ் ப்ளூ சுவிட்சும் சத்தக்காரன்தான், 4 மி.மீ. ஆழத்தில் 2.2 மி.மீட்டரிலேயே எழுத்து பதியும்.

சரி, பழைய மாடல் எம்-ஐயே வாங்கித் தொலைக்கலாமென்றால் அதிலும் வில்லங்கம். உள்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வயதாகி உதிரும். தகடு விலகி, கீகள் சொதப்பும். ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எம்2 (2 மி.மீ.) போல்ட் முடுக்க வேண்டும். பிஎஸ்/2 என்ற பழைய வட்டப் பிளக் வயருக்கு வெறும் அடாப்டர் மாட்டினால் யுஎஸ்பி-யில் அசையாது. சிப் உள்ள கன்வெர்ட்டரே தேவை. இதையாவது விற்கிறவர்கள் சொல்லக் கூடாதா?